மாஸிமோ ட்ரொய்ஸி படங்களை நம்ம கரையில போட்டுக் காட்டுறது எப்படி

மீன்பிடித் தடைக்காலம் வந்துட்டா, ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், பகல்ல பெயிண்ட் அடிக்கிறது, இன்ஜின் பாக்குறது, வலை பொத்துறதுன்னு வேலை ஓடும், ஆனா பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் இருக்காது. இந்த நேரத்துல ஊர்ல படம் போடலாமான்னு பசங்க கேப்பாங்க. போடலாம், தாராளமா போடலாம். என்ன படம்னு கேட்டா நான் சொல்றது ஒரே ஆளைத்தான், இத்தாலிக்காரர் மாஸிமோ ட்ரொய்ஸி. காமெடியன், நடிகர், தன் படத்தை தானே எழுதி தானே டைரக்ட் பண்ணவர். 41 வயசுல போயிட்டார். அவர் படங்களை எந்த வரிசையில போடணும், சப்டைட்டில் எப்படி எழுதணும், காத்து அடிக்கிற கரையில திரை எப்படி கட்டணும், எல்லாத்தையும் இதுல எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கணும், ஏன்னா படத்துக்கு முன்னாடி நாலு வார்த்தை பேசப்போறது நீங்கதான். 1953 பிப்ரவரி 19ல சான் ஜோர்ஜோ அ க்ரெமானோன்னு ஒரு ஊர்ல பிறந்தார், அது நேப்பிள்ஸ் நகரத்தை ஒட்டி, வெசுவியஸ் எரிமலைக்கு அடியில இருக்கு. அப்பா ரயில்வேக்காரர். பெரிய குடும்பம், ஒரே வீட்டுல தாத்தா பாட்டி, மாமா, சித்தப்பா பிள்ளைங்கன்னு அத்தனை பேரும், அதனால எப்பவும் சத்தமா இருக்குற வீட்டுல எப்படிப் பேசுவாங்க, பேச்சை எப்படி பாதியில விட்டுட்டு அடுத்த பேச்சுக்குத் தாவுவாங்கங்கறது அவருக்கு சின்ன வயசுலேயே பழக்கம். சின்னதுலயே ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போச்சு. 1976ல அமெரிக்கா போய் ஆபரேஷன் பண்ணிட்டு வந்தார். வாழ்நாள் முழுக்க அந்த இதயத்தோடதான் ஓட்டினார்.

நாடகத்துல ஆரம்பிச்சார், ஊர் சர்ச்சு மேடையில, அப்புறம் ஒரு கராஜ்ல. லெல்லோ அரேனா, என்ஸோ டெகாரோ கூட சேந்து மூணு பேரா 'லா ஸ்மோர்ஃபியா'ன்னு ஒரு குழு. 1977ல இத்தாலி அரசு டிவியான ராய்ல 'நோன் ஸ்டாப்'னு ஒரு நிகழ்ச்சி, அதுல வந்ததும் இத்தாலி முழுக்க தெரிஞ்ச முகமாயிட்டாங்க. இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. டிவிக்கு வந்தவுடனே பேச்சை மாத்திக்கல அவர். நேப்பிள்ஸ் பேச்சு, அதுவும் திக்கித் திக்கி, பாதி முழுங்கி, வடக்கத்தி இத்தாலிக்காரனுக்கு காதைத் தீட்டிக் கேட்டாத்தான் புரியும்ங்கற பேச்சு. சினிமாவுக்குப் போனதுக்கு அப்புறமும் அப்படித்தான். நம்ம பக்கத்துல டிவியில மைக்கை நீட்டினா உடனே பேச்சை மாத்துவோம்ல, ஊருக்குள்ள பேசுறது ஒண்ணு மைக்குக்குப் பேசுறது ஒண்ணுன்னு. அவர் மாத்தவே இல்ல. அவர் நடிப்புங்கறதே அந்தப் பேச்சுதான், அந்தத் தயக்கம், கை ஆட்டம், சொல்ல வந்ததைச் சொல்லாம முகத்தைத் திருப்பிக்கிறது. அதனாலதான் இந்த ஆளை கரைக்குக் கொண்டு வரணும்னா கரைப் பேச்சுலதான் கொண்டு வரணும்னு நான் அடிச்சுச் சொல்றேன். கீழ சப்டைட்டில் பத்தி எழுதுறப்போ இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

சரி வரிசைக்கு வருவோம். நெறைய பேர் நேரா 'இல் போஸ்தினோ'வைப் போட்டுருவாங்க, ஆஸ்கார் வரைக்கும் போன படம், கடல், தீவு, மீன்பிடி, நம்ம ஊருக்குப் பொருத்தம்னு. பொருத்தம்தான், ஆனா அதை முதல்ல போடாதீங்க. அது அவரோட கடைசிப் படம். சிரிக்க வைக்கிற ட்ரொய்ஸியை ஜனங்க பழகின அப்புறம் அந்தப் படத்தைப் பாத்தாத்தான் அதுல அவர் எவ்வளவு கொறைச்சுப் பண்றார்னு தெரியும். வாரம் ஒண்ணுன்னு நாலு வாரம் வச்சுக்கோங்க, போதும்.

முதல் வாரம் 'ரிகொமிஞ்சோ டா த்ரே', 1981. அவர் டைரக்ட் பண்ண முதல் படம், கதாநாயகனும் அவரே. வருஷத்தோட சிறந்த படம், சிறந்த நடிகர்னு ரெண்டு தாவீத் தி தொனாத்தெல்லோ விருதும் இதுக்குத்தான், அது இத்தாலி சினிமாவோட பெரிய விருது. கயெத்தானோன்னு ஒரு பையன் நேப்பிள்ஸ் பக்கத்துலேருந்து கெளம்பி ஃப்ளாரன்ஸ் போறான், போற இடமெல்லாம் "நேப்பிள்ஸா? பொழைக்க வந்தியா?"ன்னு கேக்குறாங்க, இவன் இல்லப்பா சும்மா ஊர் பாக்கத்தான் வந்தேன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போறான். இது நம்ம பசங்களுக்கு விளக்கவே வேணாம். ராமநாதபுரம் ஜில்லான்னு சொன்னவுடனே மெட்ராஸ்ல ஒரு பார்வை பாப்பாங்கல்ல, அந்தப் பார்வையைப் பாத்தவன் எவனும் முதல் அஞ்சு நிமிஷத்துலயே படத்துக்குள்ள போயிருவான். படத்தோட பேரே அவன் பேசுற ஒரு பேச்சுலேருந்து வந்தது, கூட்டாளி ஒருத்தன் வாழ்க்கையை ஜீரோவுலேருந்து ஆரம்பிக்கப் போறியான்னு கேப்பான், இவன் இல்ல மூணுலேருந்துன்னு சொல்லுவான், மூணு விஷயம் உருப்படியா பண்ணிருக்கேன், அதையும் எதுக்கு விடணும்னு. கடைசியில பிறக்கப்போற பிள்ளைக்குப் பேர் வைக்கிற சீன் ஒண்ணு வரும், பேர் நீளமா இருந்தா அம்மா கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை ஓடிரும், அதனால பிள்ளை அடங்காதுன்னு ஒரு வாதம். அந்த சீனுக்கு பொம்பளைங்க பக்கத்துலேருந்துதான் பெரிய சிரிப்பு வரும், அங்க சப்டைட்டில் நேரம் தப்பாம வரணும், ஒரு செகண்ட் முன்னாடி வந்தாலும் ஜோக் செத்துரும். நடுவுல ராபெர்தீனோன்னு அம்மா முந்தானையில வளந்த ஒருத்தனுக்கு இவன் புத்தி சொல்ற இடம் கொஞ்சம் வெளிப்படையா இருக்கும், சின்னப் பிள்ளைங்க இருந்தா முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. பாட்டும் இசையும் பினோ டானியேலே, அவரும் நேப்பிள்ஸ்காரர்.

ரெண்டாவது வாரம் 'நோன் சி ரெஸ்தா கே பியாஞ்செரே', 1984. இதுல ரொபெர்த்தோ பெனிஞ்ஞின்னு இன்னொரு இத்தாலிக் காமெடியனும் இவரும் சேந்து எழுதி சேந்து டைரக்ட் பண்ணி சேந்து நடிச்சாங்க. பெனிஞ்ஞி ஸ்கூல் வாத்தியார், இவர் ஸ்கூல் பியூன். ரயில்வே கேட் மூடி லேட்டாகி, ஒரு சத்திரத்துல தங்கி, காலையில எந்திரிச்சா வருஷம் 1492. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடிக்காம தடுக்கணும்னு ஸ்பெயினுக்குக் கெளம்புறாங்க, எதுக்குன்னா பெனிஞ்ஞியோட தங்கச்சியை ஒரு அமெரிக்காக்காரன் ஏமாத்திட்டு போயிட்டான், அமெரிக்காவே இல்லேன்னா அவனும் இல்லல்ல. வழியில லியோனார்தோ டா வின்சியைப் பிடிச்சு வச்சு ரயில் எப்படி ஓடும்னு பாடம் எடுப்பாங்க. பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் இது, நாலுல கூட்டம் ஜாஸ்தி வர்ற படமும் இதுதான். ஒரு இடத்துல துறவி ஒருத்தர் கீழேருந்து "நீ சாகப்போறேங்கறதை ஞாபகம் வச்சுக்கோ"ன்னு கத்துவார், ஜன்னல்லேருந்து ட்ரொய்ஸி ரொம்ப மரியாதையா, சரிங்க, இப்பவே குறிச்சு வச்சுக்கறேன்ங்கற மாதிரி பதில் சொல்லுவார். அப்ப சிரிச்சுட்டுப் போகட்டும். அவர் இதயத்தைப் பத்தி அன்னைக்கு வாயைத் திறக்காதீங்க.

மூணாவது வாரம் 'கே ஓரா ஏ', 1989, எத்தொரே ஸ்கோலா டைரக்ஷன். இது கொஞ்சம் நிதானமான படம், பெரியவங்களுக்கானது, பிள்ளைங்க பாதியில எந்திரிச்சுப் போவாங்க, போகட்டும் விடுங்க. சிவித்தாவெக்கியான்னு ஒரு துறைமுக ஊர், அங்க பட்டாளத்துல கட்டாய வேலை பாக்குற மகனைப் பாக்க அப்பா வர்றார், அப்பா மார்செல்லோ மாஸ்த்ரொயான்னி, வசதியான வக்கீல். ஒரே நாள், ரெண்டு பேரும் ஊரைச் சுத்தி நடக்குறாங்க, சாப்பிடுறாங்க, சண்டை போடுறாங்க, பேச முடியாம தவிக்கிறாங்க. அப்பா வீடு வாங்கித் தர்றேன் கார் வாங்கித் தர்றேன்னு அடுக்குறார், மகனுக்கு அதெல்லாம் ஒட்டல, ஆனா மீன்பிடிக்கிறவங்க உக்காருற ஒரு சின்னக் கடைக்குள்ள போனவுடனே அவன் ஆளே வேற ஆளா மாறிடுறான், எல்லாருக்கும் அவனைத் தெரியுது, அவனுக்கும் எல்லாரையும் தெரியுது, அப்பா அங்க வெளியாளா நிக்கிறார். அந்த சீனை விட்டுறாதீங்க. வெனிஸ் திரைப்பட விழாவுல அந்த வருஷம் சிறந்த நடிகருக்கான வோல்பி கோப்பையை ரெண்டு பேருக்கும் சேத்தே குடுத்தாங்க. மாஸ்த்ரொயான்னி அதுக்குள்ள உலகம் முழுக்கத் தெரிஞ்ச பெரிய நடிகர், அவருக்குப் பக்கத்துல இந்தத் திக்குற பையன் நின்னு சமமா நடிச்சிருக்கார்னா அது சாதாரணம் இல்ல.

நாலாவது வாரம்தான் 'இல் போஸ்தினோ', 1994. இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும்.

சிலி நாட்டு எழுத்தாளர் அந்தோனியோ ஸ்கார்மெத்தா எழுதின நாவல், அது சிலி கடற்கரையில நடக்குற கதை. படத்துல அதை இத்தாலியில ஒரு சின்னத் தீவுக்கு, 1950கள் தொடக்கத்துக்கு மாத்திட்டாங்க. நாடு கடத்தப்பட்ட சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருதா அந்தத் தீவுக்கு வந்து தங்குறார், நெருதாவா பிலிப் நுவாரே. அவருக்கு வர்ற லெட்டரைக் கொண்டுபோய்க் குடுக்க ஒரு ஆள் வேணும், தீவுல மத்தவங்களுக்கு எழுதப்படிக்கத் தெரியாது, அதனால போஸ்ட்மேன் குடுக்க வேண்டியதே அந்த ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அந்த போஸ்ட்மேன் மாரியோவா ட்ரொய்ஸி. ப்ரோச்சிதா, சலினாங்கற ரெண்டு தீவுலயும் எடுத்தாங்க. டைரக்டர் மைக்கேல் ராட்ஃபோர்ட் இங்கிலாந்துக்காரர், ட்ரொய்ஸிக்குப் பழைய நண்பர்.

மாரியோவோட அப்பா மீன் பிடிக்கிறவர். மகனுக்குக் கடல் ஆகாது. படகுல ஏறினாலே ஈரத்துல சளி பிடிச்சுக்குதுன்னு சொல்றான், அப்பா பாத்திரத்துலேருந்து அப்படியே குடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம கேக்குறார், அப்புறம் அப்ப வேற வேலை பாருங்கறார். நம்ம கரையில எத்தனை வீட்டுல இந்தப் பேச்சு நடந்திருக்கு சொல்லுங்க. ஐடிஐ படிக்கிறேன், துபாய் போறேன், சிங்கப்பூர் போறேன், கடலுக்கு மட்டும் வேணாம்னு சொல்ற மகனும், சரி போன்னும் சொல்ல முடியாம வேணாம்னும் சொல்ல முடியாம இருக்குற அப்பாவும். இந்த சீன் ஓடுறப்போ கூட்டத்துல அப்பாக்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

தண்ணி விஷயமும் இருக்கு. அந்தத் தீவுல குடிதண்ணி கெடையாது, கப்பல்ல வரும், எப்பவாவது வரும். எலெக்ஷனுக்கு முன்னாடி அரசியல்வாதி ஒருத்தர் வந்து குழாய் போட்டுத் தர்றேன்னு சொல்லுவார், வேலையும் ஆரம்பிக்கும், எலெக்ஷன் முடிஞ்சதும் வேலை நின்னுரும். தண்ணியில்லாக் காடுன்னு பேர் வாங்கின ஜில்லாவுல, காவிரி கூட்டுக்குடிநீர் குழாய்க்கு முன்னாடி குடம் அடுக்கிக் காத்திருந்த பொம்பளைங்களுக்கு இதுக்கு சப்டைட்டில்கூட வேணாம்.

நெருதா கரையில உக்காந்து கடலைப் பத்தி ஒரு கவிதை சொல்லுவார், கேட்டுட்டு மாரியோ எனக்குத் தலை சுத்துச்சு, உங்க வார்த்தை மேல படகு ஆடுற மாதிரி நான் ஆடினேன்னு சொல்லுவான். கடல் ஒத்துக்காத பையன் அவன், அவனுக்கு வாந்தி வர்ற அந்த ஆட்டத்தையே எடுத்து கவிதையா சொல்லிட்டான், அவனுக்கே அது தெரியல. இதை முதல் தடவை கடலுக்குப் போய் வாந்தி எடுத்த எந்தப் பையனும் புரிஞ்சுக்குவான். இங்க தமிழ் வரி ரொம்ப எளிமையா இருக்கணும், அலங்காரமா ஏதாவது எழுதினீங்கன்னா அந்தப் பையன் பேசுனதா இருக்காது, நீங்க பேசுனதா இருக்கும்.

இப்ப அவர் உடம்பைப் பத்தி. இந்தப் படம் எடுக்குறப்போ அவருக்கு இதயம் ரொம்ப மோசம், மாத்து இதயம் வைக்கணும்ங்கற நிலை, ஆனா படத்தை முடிச்சுட்டுப் போறேன்னு தள்ளி வச்சார். ஒரு நாளைக்கு ஒரு மணி, ரெண்டு மணி நேரம்தான் அவரால நிக்க முடிஞ்சுது. சைக்கிள் மிதிக்கிற சீன், தூரத்துலேருந்து எடுத்த சீனெல்லாம் அவர் மாதிரியே இருந்த ஜெரார்தோ ஃபெர்ராராங்கறவரை வச்சு எடுத்தாங்க. ஷூட்டிங் முடிஞ்ச கையோட, 1994 ஜூன் 4, ரோம் பக்கத்துல ஓஸ்தியாவுல சகோதரி வீட்டுல தூக்கத்துலயே இறந்துட்டார். படம் ரிலீஸானதை அவர் பாக்கல. அப்புறம் அஞ்சு ஆஸ்கார் நாமினேஷன், சிறந்த படம், டைரக்டர், திரைக்கதை, சிறந்த நடிகருக்கு அவருக்கே இறந்த பின்னாடி, கடைசியா இசை, அந்த இசைக்கு மட்டும் லூயிஸ் பகலோவ் ஆஸ்கார் வாங்கினார்.

இதையெல்லாம் எப்ப சொல்லணும்ங்கறதுதான் கேள்வி. படத்துக்கு முன்னாடி சொல்லிட்டா கூட்டம் மாரியோவைப் பாக்காது, நோயாளியைத்தான் பாக்கும், சிரிக்க வேண்டிய இடத்துல சிரிக்கக் கூச்சப்படும். அவரு அவ்வளவு கஷ்டப்பட்டு நின்னது சிரிக்க வைக்கத்தான். அதனால படம் முடிஞ்சு, கடைசியில 'நம் நண்பன் மாஸிமோவுக்கு'ன்னு எழுத்து வரும்ல, அது வந்ததுக்கு அப்புறம் லைட்டைப் போட்டுச் சொல்லுங்க. அப்ப ஜனங்க தாங்களாவே திரும்பி யோசிப்பாங்க, அவர் ஏன் அத்தனை தடவை உக்காந்தே பேசினார், ஏன் அவ்வளவு மெல்ல நடந்தார்னு. மூணு வாரம் அவரைப் பழகினவங்களுக்கு அது சொந்தக்காரர் சாவு மாதிரிதான் இருக்கும். ஜூன் 4 தடைக்காலத்துக்குள்ளயே வருது, முடிஞ்சா நாலாவது வாரம் அந்தத் தேதியை ஒட்டி வர்ற மாதிரி மே மாசத்துலேருந்து கணக்குப் போட்டு ஆரம்பிங்க.

அடுத்து சப்டைட்டில். கெடைக்கிறது இங்கிலீஷ் சப்டைட்டில்தான், அதுலேருந்துதான் தமிழ் பண்ணியாகணும். அதை அப்படியே கம்ப்யூட்டர்ல குடுத்து தமிழாக்கி எடுத்துறாதீங்க, ட்ரொய்ஸி நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கும். ரெண்டு பேரா உக்காருங்க, ஒருத்தர் இங்கிலீஷ் தெரிஞ்சவர், இன்னொருத்தர் நல்லா ஊர்ப்பேச்சு பேசுறவர், இங்கிலீஷே தெரியாட்டியும் பரவாயில்ல. முதல் ஆள் அர்த்தத்தைச் சொல்லணும், ரெண்டாவது ஆள் இதையே நான்னா எப்படிச் சொல்லுவேன்னு வாய்விட்டுச் சொல்லணும், அதை அப்படியே எழுதணும். வயசான ஆத்தா யாராவது கூட உக்காந்தா இன்னும் நல்லது. ட்ரொய்ஸி பாதியில விட்ட வாக்கியத்தை நீங்க முடிக்காதீங்க. "இல்ல... அது வந்து... நான் என்ன சொல்றேன்னா..."ன்னு அவர் இழுத்தா தமிழ்லயும் அப்படியே இழுக்கணும், அர்த்தம் புரியாதேன்னு பயந்து முழுசா எழுதிட்டா அவர் பண்ற வேலையெல்லாம் வீணாப்போயிரும். மத்த பாத்திரங்களுக்கு வேணும்னா கொஞ்சம் திருத்தமான தமிழ் போடலாம், நெருதா பேசுறது நல்ல தமிழாவே இருக்கட்டும், அப்பத்தான் மாரியோ பேச்சு தனியாத் தெரியும். அதே மாதிரி மாரியோ நெருதாவை ஐயான்னு கூப்பிடட்டும், அப்பாகிட்ட பேசுறப்போ அப்பான்னு, முதல் படத்துல கயெத்தானோ சிநேகிதன்கிட்ட மாப்ளன்னு. மரியாதை யாருக்கு எவ்வளவுன்னு நம்மாளுங்க காது ரொம்பக் கூர்மையா கவனிக்கும்.

தமிழ் வார்த்தை இங்கிலீஷைவிட நீளம், அதை ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு நேரத்துக்கு ரெண்டு வரிக்கு மேல போகக்கூடாது, வரிக்கு ஆறேழு வார்த்தைக்கு மேல வேணாம், ரெண்டு செகண்டாவது நிக்கணும். 'சப்டைட்டில் எடிட்'னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கெடைக்கும், அதுல நேரத்தை நகர்த்திக்கலாம். சேவ் பண்றப்போ யூடிஎஃப்-8ல பண்ணணும், இல்லேன்னா தமிழ் எழுத்துக்குப் பதிலா கேள்விக்குறியா வரும். பென்டிரைவை நேரா டிவியிலயோ ப்ரொஜெக்டர்லயோ குத்தினா தமிழ் பல சமயம் கட்டம் கட்டமாத்தான் தெரியும், கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும், அதனால லேப்டாப்புல விஎல்சி ப்ளேயர்ல ஓட்டுங்க, அதுல ஃபான்ட்டை நோட்டோ சான்ஸ் தமிழ்னு மாத்திக்கோங்க. எழுத்து பெருசா, மஞ்சளா, கறுப்பு ஓரத்தோட.

படிக்கத் தெரியாதவங்க, கண்ணு மங்கினவங்க கூட்டத்துல இருப்பாங்க, அவங்களை விட்டுட்டு ஒரு ஊர்ல படம் போட முடியாது. அதுக்கு ஒரு ஆள் மைக் பிடிச்சு கதை சொல்லணும். முழுசா டப்பிங் மாதிரி பேச வேணாம். ஒரு சீன் ஆரம்பிக்கிறப்போ ரெண்டு வரி, மத்தவங்க பேசுறதுக்குச் சுருக்கமா ஒரு வரி, ட்ரொய்ஸி வாயைத் திறந்தா மைக்கை இறக்கிரணும். அவர் குரலும் அந்த இழுவையும் ஜனங்க காதுல விழணும், அர்த்தம் முழுசாப் புரியலேன்னாலும் சிரிப்பு வரும், நம்பிப் பண்ணிப் பாருங்க. இதுக்கு நல்ல ஆள் யாருன்னா மீன் ஏலம் கூறுறவங்க, அவங்களுக்கு எப்பப் பேசணும் எப்ப நிறுத்தணும்னு சொல்லித் தரவே வேணாம்.

இடம், காத்து, கரண்ட். மே, ஜூன்ல கச்சான் காத்து, அதான் தென்மேக்கு காத்து, ஏறிரும், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் திரை கட்டினா பாய்மரம் மாதிரி பொம்மி அறுத்துக்கிட்டுப் போயிரும். அந்த மாசங்கள்ல வடகடல் (பாக் நீரிணை) பக்கம்தான் அமைதி, அங்கயே போடுங்க. தென்கடல் கரை ஊர்னா, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கமெல்லாம், துணியே கட்டாதீங்க, வெள்ளையடிச்ச சுவர் ஏதாவது காத்துக்கு மறைவா பாருங்க, வலை பின்னுற கூடத்துச் சுவர் நல்ல பொருத்தம். துணிதான் கட்டணும்னா கெட்டியான காடாத் துணி, பத்தடி அகலம் ஆறடி உயரம் ஒரு தெருக்கூட்டத்துக்குப் போதும், நாலு பக்கமும் மடிச்சுத் தச்சு கயிறு கோத்து, கம்பத்துல இழுத்துக் கட்டுற வேலையைப் படகுக்காரங்ககிட்ட விட்டுருங்க. ப்ரொஜெக்டர் 3000 லூமென்ஸாவது வேணும், சாதாரண ப்ரொஜெக்டர்னா திரையிலேருந்து பதினஞ்சடி தள்ளி வைக்கிற மாதிரி இருக்கும். மணல்ல வைக்காதீங்க, உயரமான மேஜை மேல வைங்க, உள்ள இருக்குற ஃபேன் மணலையும் உப்பீரத்தையும் உறிஞ்சிக்கும், ஓடி முடிச்சு ஆறினதும் துடைச்சு மூடிரணும். கரண்ட் போனா படம் நிக்காம இருக்க இன்வெர்ட்டர் ஒண்ணு, ஜெனரேட்டர்னா தூரமா வைங்க, இவர் படத்துல சத்தமே இல்லாத இடம்தான் முக்கியம், பக்கத்துல ஜெனரேட்டர் அலறினா எல்லாம் போச்சு. மைக் செட்டுக்காரர்கிட்ட பேஸ் கம்மி பண்ணச் சொல்லுங்க, கல்யாண வீட்டு செட்டிங்ல இந்தப் படத்தை ஓட்டினா பேச்சு புரியாது.

ஏழு மணிக்கு முன்னாடி இருட்டாது. பள்ளிவாசல் பக்கத்துல இருந்தா மஃரிப் தொழுகை முடிஞ்சு ஆரம்பிச்சு, இஷா தொழுகைக்கு பாங்கு வர்றப்போ இடைவேளை விட்டுருங்க, சரியா நடுவுலதான் வரும். தங்கச்சிமடம் பக்கம்னா ஞாயித்துக்கிழமை பூசை நேரம் பாத்துக்கோங்க. பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி போடக்கூடாதுங்கறது சட்டம், இந்தப் படங்க எல்லாமே ரெண்டு மணி நேரம் அளவுதான், அதனால பிரச்சனை இல்ல. நாட்டுப்படகுக்காரங்களுக்குத் தடை கெடையாது, விடிகாலையில கடலுக்குப் போறவங்க, அவங்க தூங்கப் போகணும்ங்கறதையும் மனசுல வைங்க. கிராமக் கமிட்டிகிட்ட முதல்லயே பேசிருங்க. முக்கியமா ஒண்ணு, நம்ம ஆளுங்க யாராவது இலங்கை நேவிகிட்ட பிடிபட்டு, வீட்டுல அழுதுக்கிட்டு இருக்குற நேரத்துல படம் போடாதீங்க, தள்ளி வைங்க, எத்தனை வாரம் ஆனாலும்.

அனுமதி விஷயத்தைச் சொல்லாம விடக்கூடாது. வீட்டுல குடும்பத்தோட டிவிடி பாக்குறது வேற, டிக்கெட் இல்லாம ஃப்ரீயா போட்டாலும் பொது இடத்துல ஊரைக் கூட்டிப் போடுறது வேற, அதுக்குப் படத்தோட உரிமை வச்சிருக்கறவங்க அனுமதி வேணும். டெல்லியில இத்தாலிய கலாச்சார மையம் இருக்கு, அவங்களுக்கு எழுதி யாரைக் கேக்கணும்னு விசாரிக்கலாம், ஃபிலிம் சொசைட்டி நடத்துறவங்க யாரையாவது தெரிஞ்சா அவங்க வழியா கேக்குறது இன்னும் சுலபம். அனுமதி வர நாளாகும், அதனால பொங்கல் முடிஞ்சதுமே எழுத ஆரம்பிச்சாத்தான் தடைக்காலத்துக்குக் கைக்கு வரும்.

நாலாவது வாரம் முடிஞ்ச மறுநாள் ஒரு வேலை இருக்கு, இதைப் பசங்களை வச்சுப் பண்ணுங்க. 'இல் போஸ்தினோ'வுல நெருதா ஊருக்குத் திரும்பிப் போன பிறகு மாரியோ அவருக்காக தீவோட சத்தத்தையெல்லாம் டேப்புல பதிவு பண்ணுவான். சின்ன அலை, பெரிய அலை, பாறையில காத்து, செடிக்குள்ள காத்து, அப்பாவோட சோகமான வலை, கோயில் மணி, வயித்துல இருக்குற பிள்ளையோட இதயத்துடிப்பு. நட்சத்திரத்தைக்கூட பதிவு பண்ணுவான், மைக்கை வானத்தைப் பாத்து நீட்டி. அதே மாதிரி பசங்க ஆளுக்கு ஒரு செல்போனோட போகட்டும். வடகடல் அலை வேற தென்கடல் அலை வேறங்கறது கேட்டாலே தெரியும். பாம்பன் பாலத்துல ரயில் போற சத்தம், ஏலம் கூறுறது, ஐஸ் உடைக்கிறது, பாசி எடுத்துட்டு வர்ற அக்காமாருங்க பேசிக்கிட்டே கரையேறுறது, தாத்தாவோட வலை. பதிவு பண்றப்போ போனை காத்துக்கு எதிரா பிடிக்காதீங்க, ஒரு துணியைச் சுத்திப் பிடிச்சா காத்து இரைச்சல் கொறையும், ஒரு சத்தத்துக்கு ஒரு நிமிஷமாவது அசையாம நிக்கணும், தொடக்கத்துல என்ன சத்தம், எந்த இடம்னு வாயால சொல்லிரணும், அவங்க பேச்சுலயே. பாம்பன்ல மீனவங்களுக்குன்னே கடல் ஓசைன்னு ஒரு சமுதாய ரேடியோ இருக்கு, 90.4ல, நல்லா வந்திருந்தா அங்க கொண்டுபோய்க் காட்டிக் கேக்கலாம்.

இதெல்லாம் முடிஞ்சு ஜனங்க இன்னும் வேணும்னு கேட்டா, கேப்பாங்க, 'ஸ்கூசாத்தே இல் ரிதார்தோ'வை (1983) வச்சுக்கோங்க, லெல்லோ அரேனா காதல் தோல்வியில பொலம்புறதும் இவர் அதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறதும் அப்படி ஒரு சிரிப்பு. கொட்டகை சினிமா பாத்து வளந்த பெரியவங்க இருக்குற ஊர்னா 'ஸ்ப்ளென்டோர்' (1989) போடுங்க, மூடப்போற ஒரு தியேட்டரைப் பத்தின படம், மாஸ்த்ரொயான்னி ஓனர், ட்ரொய்ஸி ஆபரேட்டர். 1991ல அவர் டைரக்ட் பண்ண கடைசிப் படம் ஒண்ணு இருக்கு, காதல், சந்தேகம்னு போகும், அதைத் திறந்த வெளியில போட வேணாம், கல்யாணமானவங்க வீட்டுல பாத்துக்கலாம். ஸ்மோர்ஃபியா நாடகத் துண்டுங்க சின்னச் சின்னதா இருக்கு, படத்துக்கு முன்னாடி ஒண்ணு போட்டா கூட்டம் வந்து உக்கார நேரம் கெடைக்கும், ஆனா அதுல தேவதூதரையும் புனிதரையும் வச்சு விளையாடுவாங்க, சர்ச்சு உள்ள ஊர்னா சாமியாருக்கு முதல்ல போட்டுக் காட்டிட்டு அப்புறம் போடுங்க.